உப்பு போடாத கீரை

முன்னொரு காலத்தில் கடம்பராயன் என்றொரு ராஜா இருந்தான். நல்லவன்தான், ஆனால் கடைசியாகக் காதில் ஓதியவர் பேச்சே அவனுக்கு வேதம். அவன் நாட்டுக் கடற்கரை ஊரில் கிணறுகளெல்லாம் திடீரென்று உப்புக் கரிக்கத் தொடங்கின. காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்த ஜனங்கள் கலங்கிப் போனார்கள்.

மந்திரி பூபாலருக்கோ கொண்டாட்டம். "மகாராஜா, அந்த மண்ணில் இனிப் புல்கூட முளைக்காது. குடிகளை வெளியேற்றிவிட்டு உப்பளம் அமைப்போம். அரண்மனைக்கு உப்பு கிடைக்கும்" என்றார். உப்பளம் தன் மைத்துனன் கைக்குப் போகும் என்பதை மட்டும் விழுங்கிவிட்டார்.

விகடகவி வேம்பையன் எழுந்தான். "பிரபு, அந்தத் தண்ணீரிலேயே பயிர் விளைவித்துத் தங்களுக்கு விருந்து வைக்கிறேன்."

ராஜாவுக்கு உற்சாகம் பிறந்தது. "ஒரு சொட்டு நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. தோற்றால் ஊர் உப்பளமாகும். நீ அங்கே உப்புச் சுமப்பாய். சம்மதமா?"

"சம்மதம், பிரபு."

வேம்பையன் பயிரிடத் தேர்ந்த தோட்டத்தைச் சுற்றிப் பூபாலர் தன் காவலர்களையே நிறுத்தினார்.

தோட்டம் பொன்னாத்தாள் என்பவளுடையது. வேம்பையனும் அவளும் வரப்பு கட்டி, அதன் உச்சியில் கத்தரியும் வெண்டையும் நட்டார்கள். கத்தரி கருகியது. வெண்டை சுருண்டது.

"என்ன சாமி, எங்களையும் சேத்து மூழ்கடிச்சிட்டியே! புள்ளைகளக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?" என்று அவள் அழுதாள். தலைகுனிந்து உட்கார்ந்த வேம்பையன் அப்போதுதான் கவனித்தான். வரப்பின் உச்சியில் உப்பு ஏறி வெள்ளையாகப் பூத்திருந்தது. சரிவிலோ, யாரும் விதைக்காத பருப்புக்கீரை தளதளவென்று நின்றது.

"ஆத்தா, உப்பு ஏறுற உச்சியில போயி நட்டோமே! சரிவுல போடுவோம். இந்தக் கீரையவே போடுவோம்."

சரிவெல்லாம் விதைத்து, மண் காயவிடாமல் அதே உப்புத் தண்ணீரை ஊற்றினார்கள்.

விருந்து நாளில் ஊரே கூடி நிற்க, ராஜா மந்திரியோடு தோட்டத்து வாசலுக்கே வந்தான். கீரைக்கட்டைப் பார்த்ததும் பூபாலர் குதித்தார். "மோசடி! நல்ல தண்ணீர் ஊற்றாமல் இந்தச் செழிப்பு ஏது?"

"காவல் தங்களுடையதுதானே, மந்திரியாரே? சந்தேகமிருந்தால் தங்கள் கையாலேயே சமையுங்கள். உப்பு மட்டும் ஒரு கல்கூடப் போட வேண்டாம்" என்றான் வேம்பையன்.

சப்பென்றிருக்கும், பயல் தொலைந்தான் என்று மகிழ்ந்த மந்திரி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீரையைக் கடைந்தார்.

ராஜா ஒரு வாய் சாப்பிட்டான். இன்னொரு வாய், மறுபடி இன்னொரு வாய் என்று சட்டியையே காலி செய்தான். கைதேர்ந்த சமையற்காரன் போட்டதுபோல உப்பு அளவாக இருந்தது. எழுந்து நேரே தோட்டத்துக்குள் போனான். கிணற்று நீரை வாயில் விட்டு, முகம் சுளித்துத் துப்பினான். வெள்ளை உச்சிகளுக்கு நடுவே சிவந்த தண்டும் பச்சை இலையுமாக நின்ற கீரையைப் பார்த்தபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. பாதரட்சையைக் கழற்றிவிட்டுக் குனிந்து ஓர் இலையைத் தொட்டான்.

"இந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டா இது இப்படி நிற்கிறது?" என்றான் மெல்ல.

"ஆம், பிரபு. இந்த மண்ணிலிருந்து அரண்மனைக்கு உப்பு வேண்டும் என்று மந்திரியார் கேட்டார். கீரையிலேயே வந்துவிட்டது, அவரே கடைந்தும் கொடுத்துவிட்டார். இனி உப்பளம் எதற்கு?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். நிலம் என்றென்றைக்கும் ஊராருக்கே என்று அங்கேயே ஆணையிட்டு, தன் முத்துமாலையை வேம்பையன் கழுத்தில் போட்டான்.

பொன்னாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காலிச் சட்டியை எட்டிப் பார்த்தாள். "மகராசா, மந்திரி ஐயாவுக்குக் கைப்பக்குவம் நல்லாத்தான் வருது. இன்னும் நாலு சட்டி கடையச் சொல்லுங்க. ஊரே பசியோட நிக்குது."

ராஜா மந்திரியைப் பார்த்தான். மந்திரி மத்தைக் கையில் எடுத்தார்.