மண்ணில் புரண்ட பெயர்

அந்தக் காலத்தில் யூதேயா மலைநாட்டில் எலியும் எறும்பும் ஓணானும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தன. வழக்கு என்று வந்தால் அவையும் பட்டணவாசலுக்கு வந்து மூப்பர்கள் முன்னால் நின்று நியாயம் கேட்கும்.

அந்த மலைநாட்டின் ஒரு சிறிய ஊரில் தெலாயா என்றொரு முத்திரை வெட்டுகிறவர் இருந்தார். விரல் நகம் அளவுள்ள சிவப்புக் கல்லில் குருந்தக்கல் பொடியையும் எண்ணெயையும் குழைத்து வைத்து, கூரிய இரும்பு முனையால் மாதுளையோ மானோ சிங்கமோ செதுக்கித் தருவார். வாங்கினவர்கள் ஜாடியின் வாயை ஈரக் களிமண்ணால் பூசி அதன்மேல் கல்லை அழுத்துவார்கள். மண்ணில் பதிந்த படம் யாருடையதோ, ஜாடியும் அவருடையது. ஊரில் அதுதான் சட்டம்.

பஞ்சம் தொடங்கிய வருடத்தில் சேமேர் என்ற விவசாயி தெலாயாவிடம் வந்தார்.

"என் மாதுளை மாதிரியே கீழத்தெருக்காரனும் ஒரு மாதுளை வைத்திருக்கிறான். நாளைக்குத் தகராறு வரும். எனக்குப் படம் வேண்டாம். என் பெயரையே வெட்டிக் கொடு."

"பெயரையா? கல்லில் இதுவரை யாரும் பெயர் வெட்டியதில்லையே."

"உனக்குத்தான் எழுத்துத் தெரியுமே. வெட்டு."

தெலாயா வெட்டினார். அவர்கள் எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். ச, ம, ர என்று மெய்யெழுத்துகளை மட்டும்தான் எழுதுவார்கள். மற்றதை வாசிக்கிறவர் வாயால் நிரப்பிக்கொள்வார். ச-வுக்கும் ஸ-வுக்கும் ஒரே எழுத்துதான்; எழுத்தின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் வாசித்துவிடுவார்கள். மூன்றே எழுத்து. நேராகவும் அழகாகவும் வந்திருந்தது. கல்லைப் பலமுறை படித்துப் பார்த்துத் திருப்தியோடு கொடுத்தார். மண்ணில் பதித்துப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

சேமேருக்கு வாசிக்கத் தெரியாது. விதைக்கோதுமையை ஆறு ஜாடிகளில் நிரப்பி, அந்தக் கல்லால் முத்திரையிட்டு ஊர்க் களஞ்சியத்தில் வைத்தார். இரண்டு மாதத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனார். அவருக்கு இருந்தது ஒரே மகள், ஓக்லாள். அவள் பசியில் மெலிந்தும் அந்த ஜாடிகளைத் தொடவில்லை. அதைத் தின்றுவிட்டால் விதைக்க ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

கடைசியில் விதைப்புக் காலத்து முன்மாரி பெய்தது. ஓக்லாள் கழுத்தில் அப்பாவின் கல்லைக் கட்டிக்கொண்டு களஞ்சியத்துக்கு ஓடினாள். இரண்டு ஜாடிகள் திறந்து காலியாகக் கிடந்தன. மூன்றாவதைச் சுற்றி எலிகளும் வண்டுகளும் எறும்புகளும் நின்றன. வாயடைப்பின் மேல் ஓர் ஓணான் உட்கார்ந்திருந்தது. அதன் இடது முன்னங்காலில் விரல்கள் இல்லை. பருந்து கொத்திக்கொண்டு போயிருந்தது.

"எட்டிப் போங்கள்! இது என் அப்பாவின் கோதுமை!"

"முத்திரையைப் படித்துப் பார்த்துவிட்டுப் பேசம்மா," என்றது ஓணான். "இது எங்களுடையது."

வழக்கு பட்டணவாசலுக்குப் போனது. மூப்பர் யோவாக் ஜாடியைத் தூக்கிவரச் சொன்னார். மண்ணை உற்றுப் பார்த்து, வலப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். ர. ம. ச. அவர் முகம் மாறியது.

"ரெமெஸ்," என்றார்.

அவர்கள் மொழியில் ரெமெஸ் என்றால் தரையில் ஊர்ந்தும் தவழ்ந்தும் போகிற சிற்றுயிர்.

எலிகள் சந்தோஷத்தில் கீச்சிட்டன. ஓக்லாள் கழுத்திலிருந்த கல்லை அவிழ்த்து நீட்டினாள். யோவாக் அதை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

"சேமேர்."

மறுபடி மண்ணைப் பார்த்தார். ரெமெஸ். கல்லைப் பார்த்தார். சேமேர். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேறு கல்லால் பதித்திருப்பார்கள்," என்றார் கூட்டத்தில் ஒருவர். உடனே களிமண் பிசைந்து ஒரு பலகையில் வைத்தார்கள். ஓக்லாள் எல்லோரும் பார்க்க அதே கல்லை அழுத்தி எடுத்தாள். ரெமெஸ். அழித்து மறுபடி அழுத்தினாள். ரெமெஸ்.

கூட்டம் பின்வாங்கியது. கல் ஒன்று சொல்கிறது, மண் ஒன்று சொல்கிறது, எதை நம்புவது? மண்ணுக்குச் சாபம் என்றார் ஒருவர். இல்லை, சேமேர் செத்ததால் அவர் பெயரும் செத்துவிட்டது என்றார் இன்னொருவர். தெலாயாவை இழுத்துவந்தார்கள்.

"எலிகளிடம் என்ன வாங்கிக்கொண்டு இப்படி வெட்டினாய்?" என்று கேட்டார் யோவாக்.

"நான் நேராகத்தான் வெட்டினேன்!" என்றார் தெலாயா. கல்லை வாங்கிப் பார்த்தார். அவர் வெட்டியது அப்படியே இருந்தது. மண்ணைப் பார்த்தார், அது அவர் வெட்டியதே இல்லை. "எனக்கு ஒன்றும் புரியவில்லை ஐயா. என் கண் சரியாக இருக்கிறதா என்றுகூட இப்போது தெரியவில்லை."

"நல்லது," என்றார் யோவாக். அவர் குரலிலும் உறுதி இல்லை. "சட்டப்படி மண்தான் பேசவேண்டும். மீதி ஜாடிகள் இவைகளுக்கே. பொய் முத்திரை வெட்டினவன் இனி உளியைத் தொடக்கூடாது."

ஓணான் களிமண் பலகையருகே ஏறி நின்று தன் கூட்டத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. ஓக்லாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கையை ஓங்கி அதைத் தட்டிவிட்டாள்.

ஓணான் ஈரக் களிமண்ணில் குப்புற விழுந்து அப்படியே ஒட்டிக்கொண்டது. துடித்து, தன்னைப் பிய்த்துக்கொண்டு, பக்கத்திலேயே, தலை அதே பக்கம் இருக்க, மல்லாந்து விழுந்தது. நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது. ஓக்லாள் பயந்துபோய்க் குனிந்தாள். "அடி பலமா? வேண்டுமென்று செய்யவில்லை..."

தெலாயாவும் குனிந்தார். ஆனால் அவர் பார்வை மண்ணில் இருந்தது. அங்கே ஓணானின் உருவம் முழுவதும் பதிந்திருந்தது. விரலில்லாத கால் பலகையின் இடப்பக்கம். பக்கத்தில் மல்லாந்து கிடந்த ஓணானின் விரலில்லாத கால் வலப்பக்கம். இங்கும் அங்கும் பலமுறை பார்த்தார்.

"எந்தக் கால் உனக்கு ஊனம்?"

"இடது," என்று முனகியது ஓணான்.

"அப்படியானால் ஏன் இரண்டும் வேறு வேறு பக்கத்தில் இருக்கின்றன? மண் பொய் சொல்கிறதா, நீ பொய் சொல்கிறாயா?"

ஓணான் தலையைத் திருப்பித் தன் பதிவைப் பார்த்தது. நெடுநேரம் பார்த்தது. அதற்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் தன் கூட்டத்தைப் பார்த்தது. பஞ்சம் அவற்றையும்தான் வாட்டியிருந்தது. எலிக்குஞ்சுகளின் விலா எலும்பு வெளியே தெரிந்தது.

"சொல்லாதே," என்றது ஒரு கிழட்டு எலி, மெதுவாக.

ஓணான் ஓக்லாளைப் பார்த்தது. அவளுடைய விலாவும் தெரிந்தது.

"ஒருவரும் பொய் சொல்லவில்லை," என்றது. "நான் கவிழ்ந்தேன். இப்போது மல்லாந்திருக்கிறேன். அவ்வளவுதான். உங்கள் கல்லும் கவிழ்ந்துதான் மண்ணைத் தொடுகிறது."

தெலாயா வீட்டுக்கு ஓடினார். சேமேரின் கல்லைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் எழுத்துகளை இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றின் முகத்தையும் மாற்றி வெட்டினார். வெட்டும்போதே கை பழகின வழிக்குப் போகப் பார்த்தது; ஒவ்வொரு கோட்டுக்கும் நின்று யோசித்தார். திரும்பிவந்து ஓக்லாளிடம் கொடுத்தார். அவள் அழுத்தி எடுத்தாள்.

"சேமேர்," என்று வாசித்தார் யோவாக். இன்னும் நம்பாமல் ஓணானிடம் கேட்டார்: "ஜாடிகள் இவளுடையவையா?"

ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டியது.

"நிச்சயமாகவா?"

மறுபடி ஆட்டியது.

"உன் இனத்துக்கு எதிராகச் சொல்கிறாயே, யோசித்துத்தான் சொல்கிறாயா?"

மறுபடியும் ஆட்டியது. அதற்குள் எலிகளும் வண்டுகளும் அதன் பக்கத்திலிருந்து விலகிப்போய்விட்டன. "எங்கள் வளைப்பக்கம் வராதே," என்றது கிழட்டு எலி. ஓக்லாள் ஓணானைத் தன் வீட்டுக்கு அழைத்தாள். அது போகவில்லை. வெயில் பட்ட ஒரு பாறையில் ஏறித் தனியே உட்கார்ந்துகொண்டது.

ஓக்லாள் நான்கு ஜாடிக் கோதுமையைத்தான் விதைத்தாள். வயலின் மேற்கு ஓரம் அந்த வருடம் வெறுமையாகக் கிடந்தது. மற்ற இடம் விளைந்தது.

அன்று முதல்தான் முத்திரை வெட்டுகிறவர்கள் பெயரைக் கல்லில் புரட்டி வெட்டுகிறார்கள். ஓணானும் பாறைமேல் தனியே இருந்து, கேட்க ஆளில்லாதபோதும், ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறது.