கெண்டை மாமாவின் வெளிநடப்பு

அந்தக் காலத்தில் கண்ணாடித் தொட்டி கிடையாது, கல்தொட்டிதான். மீன்கள் பேசின, பேசினால் மறுமொழியும் எதிர்பார்த்தன.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஆற்று மீனும் துள்ளும். ஆனால் அது துள்ளி ஆற்றிலேயே விழும். வெளியே போய் விழுவது தொட்டி மீனின் தனி வழக்கம். இந்தக் கதை அதற்கு மட்டுமே பொறுப்பு.

பாலாற்றங்கரையில் செங்கமலம் என்று ஒருத்தி இருந்தாள். கிணற்றடிக் கல்தொட்டியில் கொசுப்புழு பெருகுகிறதென்று, ஆற்றிலிருந்து ஒரு கெண்டைக் குடும்பத்தைக் குடத்தில் மொண்டு வந்து விட்டாள். குடும்பம் என்றால் சம்பந்தி வகையறா உட்பட. தொட்டி நல்ல தொட்டி. கொக்கு இல்லை, வலை இல்லை, வேளை தவறாமல் சோற்றுப் பருக்கை. குறை ஒன்றுதான்; அது தெரியவர ஒரு கல்யாணம் தேவைப்பட்டது.

கல்யாணப் பெண் அமிர்தத்தின் மகள். அமிர்தத்தின் அண்ணன் ஏகாம்பரம் பெண்ணுக்குத் தாய்மாமன். முதல் தாம்பூலம் தாய்மாமனுக்குத்தான். கெண்டைகளின் தாம்பூலம் இளம்பாசியில் மடித்த கொசுப்புழு. ஏகாம்பரம் காலையிலிருந்து வேறெதையும் தொடாமல் அதற்காகக் காத்திருந்தார். அமிர்தமோ கல்யாணப் பரபரப்பில் அதைக் கொண்டுபோய் நத்தையிடம் கொடுத்துவிட்டாள். நத்தை இவர்களுக்கெல்லாம் முன்பிருந்தே தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு வாழும் பெரியவர். கொடுத்ததை வாங்கி வாயில் போட்டுக்கொண்டது.

"நான் கிளம்பறேன்," என்றார் ஏகாம்பரம்.

இதற்கு ஆற்றில் ஒரு முறை உண்டு. கோபித்துக்கொண்டவர் அடுத்த திருப்பம் வரை போய் ஒரு பாறைக்குப் பின்னால் நிற்பார். மெதுவாகவே போவார், அழைக்க வருகிறவர்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாதல்லவா. முதல் அழைப்புக்கு மறுக்க வேண்டும். அடுத்ததற்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மூன்றாவதற்கு வந்துவிட வேண்டும். அழைக்காமல் திரும்பக் கூடாது. போகாதவரை அழைக்கவும் கூடாது.

ஏகாம்பரம் போனார். நாலு வால்வீச்சில் சுவர் வந்துவிட்டது. சுவரோரமாகவே நகர்ந்தார், கல்யாணக் கூட்டத்துக்கே வந்து சேர்ந்தார்.

"வாங்க மாமா, வந்துட்டீங்களா," என்றான் மாப்பிள்ளை, மனமார.

"வரலை. போய்க்கிட்டிருக்கேன்."

மறுபடியும் போனார். மறுபடியும் வந்து சேர்ந்தார். சம்பந்தி வீட்டுக் குஞ்சுகள் சிரித்தன. "மாமா நமக்குத் தொட்டிய சுத்திக் காட்டுறார்டி," என்றது ஒன்று.

மனைவி தையல்நாயகி அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னாள்: "அந்த மூலையில போய் நில்லுங்க. நான் வந்து கூப்பிடறேன்."

"மூலையில நின்னா எல்லாருக்கும் தெரியுதே. கண்ணு முன்னால நின்னா அதுக்குப் பேரு கோவமா?"

பக்கங்களில் சுவர். கீழே கல். மேலே மட்டும் திறந்திருந்தது. ஏகாம்பரம் துள்ளினார்.

கிணற்றடிக் கல்லில் விழுந்தார். கோபித்துக்கொண்டு நிற்க அருமையான இடம். உள்ளிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் அழைக்க யார் வருவார்கள்? உள்ளே இருப்பவர்களும் மீன்கள். வெயிலில் செதில் இழுத்துப் பிடித்தது. செவுள் காய்ந்தது. தானாகத் திரும்ப வழி இல்லை; இருந்திருந்தாலும் திரும்பியிருக்க மாட்டார்.

தையல்நாயகி நேராக நத்தையிடம் போனாள். "பெரியவரே, சுவர் ஏறத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். உங்களாலதான் போனார். நீங்கதான் கூப்பிடணும். உயிர் போயிடும்."

நத்தை உடனே கிளம்பியது. நத்தையின் உடனே. அது விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தபோது ஏகாம்பரத்தின் வால் அசையவில்லை.

"தப்பு என்னுதுதான்பா ஏகாம்பரம். வந்துடு."

"வரலை," என்றார் ஏகாம்பரம். முதல் அழைப்பு அல்லவா.

நத்தைக்கு முறை தெரியும். அடுத்த அழைப்பை அருகில் போய்த்தான் சொல்ல வேண்டும் என்று வெளிச்சுவரில் இறங்கத் தொடங்கியது. தையல்நாயகி அது விளிம்பைத் தாண்டிய வேகத்தைப் பார்த்தாள். மூன்றாவது அழைப்பு வரை புருஷன் தாங்க மாட்டார் என்று தெரிந்துவிட்டது. குடும்ப விஷயத்தை வெளியாளிடம் சொல்வது கெண்டைகளின் வழக்கமில்லை. அவள் சொன்னாள்.

"செங்கமலக்கா, மருமக கல்யாணத்துல எங்க வீட்டுக்காரர் கோவிச்சுக்கிட்டு வெளிய வந்திருக்கார். கொஞ்சம் கூட்டிக்கிட்டு வாங்கக்கா."

செங்கமலம் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். அவளுக்கும் ஒரு புருஷன் இருந்தான், அவனும் தாய்மாமன்தான். விளக்கம் தேவைப்படவில்லை. கையை நனைத்துக் குவித்து ஏகாம்பரத்தை ஏந்தினாள்.

"வாங்கண்ணே. நீங்க இல்லாம தாலி ஏறுமா?"

ஏகாம்பரத்தின் வாய் திறந்து மூடியது. குரல் பாதிதான் வந்தது. "நான் வரேன்னு சொல்லலை."

"நீங்க ஏன் சொல்லணும்? நானாத்தானே தூக்கிட்டுப் போறேன்."

கௌரவம் பிழைத்தது. அதன் பின்னாலேயே உயிரும் பிழைத்தது. தண்ணீரில் விட்டதும் அவர் கொஞ்ச நேரம் சாய்ந்து மிதந்தார். தையல்நாயகி தன் விலாவை அவருக்கு முட்டுக் கொடுத்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை இப்படிப் போனீங்கன்னா கூப்பிட மாட்டேன்."

"கூப்பிடுவே," என்றார் ஏகாம்பரம்.

அமிர்தம் புதுத் தாம்பூலம் மடித்து அண்ணன் வாயில் வைத்தாள். கல்யாணம் நடந்தது. நத்தை மறுநாள் சாயங்காலம் தொட்டிக்குத் திரும்பியது.

ஆனால் அன்றைய பேச்செல்லாம் மணமக்களைப் பற்றி இல்லை. வீட்டு எஜமானியே வந்து, இரண்டு கையாலும் ஏந்தி, அண்ணே என்று அழைத்து உள்ளே விட்டாளாமே. ஆற்றில் எந்தத் தாய்மாமனுக்கும் கிடைக்காத மரியாதை. அதே வாரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா, தமக்கு வைத்த புழு சிறுத்துவிட்டதென்று வெளியே துள்ளினார்.

தொட்டி மீன்கள் சின்ன மனக்குறைக்கும் வெளியே துள்ளுவது அன்று தொடங்கியதுதான். தரையில் கிடந்து அவை வாயைத் திறந்து மூடுவதை நாம் மூச்சுத்திணறல் என்கிறோம், அதுவும் உண்டு. மீதி, வரமாட்டேன் என்ற மறுப்பு. நாமும் பதறி ஓடி, "வாடா கண்ணு, வா" என்று கெஞ்சித்தான் எடுத்து விடுகிறோம். கோபித்துக்கொள்ளும் முன் வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று பார்க்கும் பழக்கம் மட்டும் அவற்றுக்கு இன்னும் வரவில்லை.