தூக்கணாங்குருவி செய்த சீட்டுச் செயலி

ஆடி மாதம் முதல் நாள் காலை ஆறரை மணிக்கு, மருதேரிக் காட்டில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு அலைபேசிகளிலும் ஒரே செய்தி வந்தது. அனுப்பியவன் பெயர் கோரையன். ஏரிக்கரை ஈச்ச மரத்தில் வாழும் தூக்கணாங்குருவி.

“முந்நூற்று நாலு ஆட இனிச் சீட்டுக்கட்டு வேண்டாம்! மழையில் நனையாது! குரங்கு திருடாது! என் செயலியை இறக்குங்கள்!” என்றது செய்தி.

முந்நூற்று நாலு என்பது அந்தக் காட்டின் சீட்டாட்டம். நான்கு பேர் ஆடுவார்கள். எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கட்சி. பந்தயம் கிடையாது. தோற்ற கட்சி வென்ற கட்சியிடம் ஏச்சு வாங்கும், அவ்வளவுதான். ஏரியைச் சுற்றி முப்பது மரத்தடிகளில் மாலைதோறும் ஆட்டம் நடக்கும்.

கோரையன் அந்தச் செயலியைத் தனி ஆளாகச் செய்தான். நான்கு மாதம் பிடித்தது. அதனால் அந்த ஆண்டு அவன் புதுக் கூடு கட்டவில்லை. அவன் மனைவி செம்மணி முட்டையிடுவதைத் தள்ளிப்போட்டு, போன ஆண்டின் கிழிந்த கூட்டில் அவனோடு தங்கியிருந்தாள்.

காட்டின் செயலிக் கடையை ஆந்தை நடத்தியது. ஆந்தையின் விதி கண்டிப்பானது.

“ஐப்பசி முதல் நாள் எண்ணிப் பார்ப்பேன். ஒரு ஆட்டமாவது முழுசா ஆடி, செயலியை வெச்சிருக்கிறவங்க நூறு பேர் இருக்கணும். இல்லேன்னா எடுத்துடுவேன். எடுத்ததுக்கு ஒரு வருஷம் இடம் கிடையாது!”

“நூறு என்ன? இருநூறே வரும்!” என்றான் கோரையன்.

முதல் நாள் முப்பத்தொரு பேர் செயலியை இறக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் இருபத்தேழு பேர் நீக்கிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் காரணம் எழுதினாள். மருத மரத்தடியில் ஆடும் முள்ளம்பன்றி ஊசியம்மாள்.

“சுத்து தப்புப் பக்கமா போகுது. சரி பண்ணுங்க” என்று எழுதியிருந்தாள்.

“என்னங்க வந்திருக்கு?” என்று செம்மணி கேட்டாள்.

“ஒண்ணுமில்லை. எதைக் கொடுத்தாலும் குறை சொல்ற ஜென்மம்!”

“என்ன குறைன்னு கேட்டீங்களா?”

“குறை என்ன குறை! விளம்பரம் பத்தலை. அதுதான் குறை!”

அவன் அந்தக் கடிதத்தை அழித்தான்.

மறுநாள் மயிலிடம் போனான். மயிலுக்கு அந்தக் காட்டில் நல்ல பெயர். சேர்த்து வைத்திருந்த தினை முழுவதையும் வாங்கிக்கொண்டு மயில் தோகை விரித்தது. தோகையின் நடுவில் செயலியின் பெயர் எழுதிய இலை தொங்கியது. காடே திரண்டது. மானும் முயலும் கண்கொட்டாமல் பார்த்தன.

“இறக்கினீங்களா?” என்று கோரையன் ஒரு முயலைக் கேட்டான்.

“எதை?”

“சீட்டுச் செயலியை!”

“எனக்குச் சீட்டே தெரியாதே! நான் மயிலைப் பார்க்க வந்தேன். கொஞ்சம் தள்ளி உட்காருங்க, மறைக்குது!”

அந்த ஆட்டத்தால் புதிதாக வந்தவர்கள் இரண்டு பேர்.

கோரையன் அடுத்த வழியைப் பிடித்தான். செயலியை இறக்கினால் ஒரு நாவல் பழம் என்று அறிவித்தான். குரங்குகள் வந்தன. ஒரே நாளில் எழுபது பேர் சேர்ந்தார்கள். அவன் வானத்தில் பறந்தான். மாலையில் ஆந்தையின் கடைப் பலகையைப் பார்த்தான். அதில் ஒன்பது என்றே இருந்தது.

“ஏன் ஒன்பது?” என்று கத்தினான்.

“ஒன்பது பேர்தான் ஆடியிருக்காங்க” என்றது ஆந்தை. “மத்தவங்க பழம் தின்னாங்க. அதில் ஒரே குரங்கு பதினாலு பொய்ப் பேர்ல வந்திருக்கு!”

ஆவணி முடிந்தது. புரட்டாசி ஐந்தாம் நாளும் பலகையில் ஒன்பதுதான். அன்றைக்குத்தான் கோரையன் முதல் தடவையாக ஒரு மரத்தடியைத் தேடிப் போனான். கிட்டத்தில் இருந்தது மருத மரம். ஊசியம்மாளும் ஆமையும் ஒரு கட்சி. மந்தையப்பன் என்ற எருமையும் ஒரு நாரையும் எதிர்க்கட்சி. ஆட்டம் சூடாக இருந்தது. கோரையன் நேராக ஊசியம்மாளின் தலைக்கு மேல் கிளையில் இறங்கினான்.

“அடேயப்பா, ரெண்டு ஜாக்கி! என் செயலியில் ஆடினா இதே சீட்டு இன்னும் பளிச்சுனு தெரியும்!” என்றான்.

ஆட்டம் நின்றது. முந்நூற்று நாலில் ஜாக்கிதான் பெரிய சீட்டு; எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கேட்டே ஆட்டம் தொடங்கும்.

மந்தையப்பன் தலையை ஆட்டினான். “ரெண்டு ஜாக்கியா? பெரிய உபகாரம், குருவி! நான் துணிஞ்சு மேலே கேட்கலாம்னு இருந்தேன். பிழைச்சேன்!”

ஊசியம்மாளின் முட்கள் நிமிர்ந்தன. சீட்டுகளைக் கவிழ்த்துப் போட்டாள்.

“யார்டா நீ? கையைக் காட்டிக் கொடுக்க எவன் உன்னை அனுப்பினான்?”

“நான் கோரையன்… செயலி செஞ்சவன்…”

“ஓ, அந்த மகராசன் நீதானா! முதல் நாளே எழுதினேனே, பதில் போட்டியா? மயிலை ஆட விட்டே. குரங்குக்குப் பழம் கொடுத்தே. ஆடுற எங்களை ஒரு வார்த்தை கேட்டியா?”

கோரையன் தலை குனிந்தான். “எந்தப் பக்கம் சுத்தணும்?”

“வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்து பாரு.”

அவன் மந்தையப்பனின் கொம்பில் உட்கார்ந்தான். ஊசியம்மாள் சீட்டைக் கலைத்துத் தன் வலப்பக்கம் போட்டாள். வலப்பக்கம் இருந்தவர் இறக்கினார். அவருக்கு வலப்பக்கம் இருந்தவர் அடுத்து இறக்கினார். முழு ஆட்டமும் அப்படியே போனது. அவன் செயலியில் எல்லாம் இடப்பக்கம் போகும். பிறந்ததிலிருந்து வலப்பக்கம் ஆடியவர்களுக்கு அதில் யார் முறை என்றே பிடிபடவில்லை.

தவறு எங்கே நடந்தது என்று அவனுக்கு விளங்கியது. அவன் வீட்டுக் கிளையிலிருந்து மருத மரத்தடி தெரியாது; இலைகள் மறைத்துக்கொள்ளும். ஏரித் தண்ணீரில் மட்டும் ஆட்டத்தின் நிழல் தெளிவாக விழும். இரண்டு ஆண்டு அதைப் பார்த்தே அவன் ஆட்டத்தைக் கற்றிருந்தான். நிழலில் வலது இடதாகிவிடும்.

“நான் தண்ணியில் பார்த்தேன்” என்றான்.

நாரை சிரிக்காமல் சொன்னது: “தண்ணியில் தெரியுற இடத்துல மீனே இருக்காது, தம்பி. சீட்டு இருக்குமா?”

வீடு திரும்பிச் செம்மணியிடம் நடந்ததைச் சொன்னான்.

“ஒண்ணு கேட்கிறேன்” என்றாள் அவள். “எனக்குக் கூடு கட்டினப்ப என்ன செஞ்சீங்க?”

“பாதி கட்டி உன்கிட்ட காட்டினேன். அதுதானே நம்ம வழக்கம்!”

“நான் என்ன சொன்னேன்?”

“வாசல் காத்துக்கு எதிரா இருக்குன்னே. பிரிச்சுட்டு மறுபடி கட்டினேன்.”

“அப்ப கோபம் வந்துச்சா?”

“இல்லை.”

“இதை மட்டும் ஏன் முழுசா முடிச்சு, வாசலைப் பூட்டிட்டு, வெளியே நின்னு கூவினீங்க?”

கோரையன் செயலியைத் திறந்தான்.

சுற்றை வலப்பக்கம் மாற்ற மூன்று நாள் போதுமாக இருந்தது. நான்காம் நாள் மாலை மருத மரத்தடிக்குப் போனான். இந்தத் தடவை ஆட்டம் முடியும்வரை வாய் திறக்கவில்லை. “கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?” என்று மட்டும் கேட்டான். ஊசியம்மாள் பார்த்தாள். துருப்பைக் கவிழ்த்து வைக்க வழியில்லை என்றாள். அதற்கு வழி செய்தான். தோற்றவரை ஏச இடமில்லை என்று மந்தையப்பன் குறைப்பட்டான். அதற்கும் ஓர் இடம் செய்தான். அது வந்த அன்று மந்தையப்பன் முதல் ஆட்டத்திலேயே தோற்று, ஊசியம்மாளிடம் பதினோரு ஏச்சு வாங்கி, “இப்பதான்யா இது சீட்டாட்டம்!” என்றான்.

அதற்குப் பிறகு கோரையன் யாருக்கும் செய்தி அனுப்பவில்லை. ஊசியம்மாளின் தங்கை ஆலமரத்தடியில் ஆடுபவள். அவள் கேட்டு வாங்கினாள். ஆலமரத்தடியிலிருந்து அத்தி மரத்தடிக்குப் போனது. பலகையில் இருபத்தொன்று ஆனது. பிறகு நாற்பத்து நான்கு. புரட்டாசி இருபத்தெட்டில் எழுபத்தாறு.

ஐப்பசி முதல் நாள் காலை ஆந்தை எண்ணியது.

“எண்பத்தெட்டு” என்றது.

“தென்கரையில் மூணு மரத்தடிக்காரங்க கேட்டிருக்காங்க! பன்னிரண்டு பேர்! நாளைக்கு ஆடிடுவாங்க!” என்றான் கோரையன்.

“நாளைக்கு ஆடட்டும். தேதி இன்னைக்கு.”

“ஒரு நாள்தானே கேட்கிறேன், ஐயா!”

“ஆடி முதல் தேதியிலிருந்து உனக்கு எத்தனை நாள் இருந்துச்சு?” என்று ஆந்தை கேட்டது. கேட்டுக்கொண்டே பலகையைத் துடைத்தது.

இறக்கியவர்களின் அலைபேசியில் செயலி இருந்தது. புதிதாக யாரும் அதைப் பெற முடியாது. கோரையன் ஈச்ச மரத்துக்குத் திரும்பியபோது காற்று திசை மாறியிருந்தது. கூடு கட்டும் பருவம் முடிந்துவிட்டது. மற்றக் கூடுகளிலிருந்து குஞ்சுகள் பறந்து போயிருந்தன.

“அந்தக் கடிதத்தை மட்டும் நீங்க அன்னைக்கே…” என்று செம்மணி தொடங்கினாள்.

யாருக்காக ஒன்றைச் செய்கிறோமோ அவர்கள் சொல்லும் குறையைக் கேட்காதவனுக்கு, ஊரையே கூட்டும் விளம்பரமும் உதவாது.

கார்த்திகை ஒன்பதாம் நாள் ஏரி நிரம்பிக் கரை புரண்டு முப்பது மரத்தடிகளும் நீரில் மூழ்கின. அன்று ஆந்தையின் கடையில் முப்பத்தொரு பேர் சீட்டுச் செயலியைத் தேடினார்கள். அது அங்கே இல்லை.