கோணக்கட்டு மாசானம்

"அம்மா, விஜயதசமி போய் ரெண்டு மாசமாச்சு. சேர்றதுக்கு ஒருத்தர்கூட வரலை."

ஆவுடையப்பன் இதைச் சொன்னபோது உலகம்மை கட்டுக்கான மூங்கில் பத்தைகளைச் சீவிக்கொண்டிருந்தார்.

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொடுக்கும் பள்ளி அது. பொதிகை அடிவாரத்தில் இருந்தது. உலகம்மை அதன் ஆசிரியர். ஆவுடையப்பன் அங்கே இருபது ஆண்டுகளாகச் சீடர். சேர வருகிறவர்களிடம் முதலில் பேசுவதும் அவர்தான்.

"போன வருஷம் வந்தவங்ககிட்ட என்ன சொன்னே?"

"நல்லதாத்தான் சொன்னேன்."

"என்ன நல்லது?"

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார். "ஆறு மாசத்துல வைத்தியராயிடலாம்னு. நம்ம கட்டு தப்பினதே இல்லைன்னு."

கத்தி நின்றது.

"அப்போ சேர்ந்த மாசானம் ஆறு மாசம் முடிஞ்ச மறுநாளே மூட்டையைக் கட்டினான். இருடான்னேன். 'சொன்ன காலம் முடிஞ்சிருச்சே அம்மா'ன்னு கும்பிட்டுட்டுப் போயிட்டான். யார் சொன்ன காலம்னு அன்னிக்கு எனக்கு விளங்கலை."

"நாலு பேர்தானே அம்மா இருந்தோம். பள்ளியை மூடும்படி ஆயிருமோன்னு பயந்துட்டேன்."

"தெரியும்."

உலகம்மை எட்டி, அவர் தோளில் ஒட்டியிருந்த மூங்கில் தூளைத் தட்டிவிட்டார்.

"நாளைக்கு அவன் ஊருக்குப் போ. எப்படி இருக்கேன்னு கேட்டுட்டு வா."

மறுபடி மூங்கிலைச் சீவத் தொடங்கினார்.

ஒரு நாள் நடை. ஊர் எல்லையில் பனையோலைக் கட்டு சுமந்து ஒரு பெண் வந்தாள். மாசானத்தின் வீடு எது என்று அவளிடம் கேட்டார்.

"எந்த மாசானம்? கோணக்கட்டு மாசானமா?"

"அதென்ன பேரு, தாயி?"

அவள் ஓலைக் கட்டைக் கீழே போட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் பனையிலேர்ந்து விழுந்தாரு. இவன் கட்டுப் போட்டான். நாப்பது நாள்ல சரியாயிடும்னான். பிரிச்சுப் பார்த்தா முழங்கைக்குக் கீழே வளைஞ்சு நிக்குது. இனி அவரு எங்கே மரம் ஏற? ஆமா, நீங்க யாரு?"

"அவன் படிச்ச பள்ளியிலேர்ந்து வர்றேன்."

அவள் சுமையைத் தானே தூக்கிக்கொண்டாள். அவர் உதவ நீட்டிய கையைப் பார்க்கவில்லை.

"சுத்துப்பட்டு ஊர்ல கேட்டுப் பாருங்க. காலை ஒடிச்சுக்கிட்டு நொண்டினாலும் நொண்டுவாங்க. உங்க பள்ளி ஆளைக் கூப்பிட மாட்டாங்க."

மாசானம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். கும்பிட்டான். வரப்பில் உட்காரவைத்து, கருப்பட்டியும் தண்ணீரும் கொடுத்தான்.

"அம்மாவுக்கு இருமல் விட்டுதாய்யா?"

"விட்டுது. நீ எப்படி இருக்கே?"

"வைத்தியத்தை விட்டுட்டேன்." சிரித்தான். "உங்க மேல ஒரு குறையும் இல்லைய்யா. ஊர்ல எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்றேன். பள்ளி நல்ல பள்ளி. மத்தவங்க ஆறு மாசத்துல கத்துக்கிறாங்க. எனக்குத்தான் மண்டையில ஏறலை."

ஆவுடையப்பன் கையிலிருந்த கருப்பட்டியைக் கீழே வைத்தார்.

"மாசானம்."

"சொல்லுங்கய்யா."

"யாரும் ஆறு மாசத்துல கத்துக்கலை. நான் தனியா ஒரு கட்டுப் போட ஒம்பது வருஷம் ஆச்சு. அதுக்கப்புறமும் தப்பியிருக்கு. உன்கிட்ட நான் சொன்னது பொய்."

வாய்க்கால் நிரம்பி வரப்பில் வழிந்தது. மாசானம் அதைக் கவனிக்கவில்லை.

"அப்போ நான் மக்கு இல்லையா?"

"இல்லைப்பா."

மாசானம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. ஆவுடையப்பன் வேட்டி நனைவதையும் பாராமல் அவன் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்தார். தொடலாமா என்று தெரியவில்லை. தொடவில்லை.

வெகுநேரம் கழித்து மாசானம் எழுந்தான்.

"இதைத் தவசி அண்ணன் வீட்டுல வந்து சொல்லுவீங்களா?"

தவசிதான் அந்தப் பனையேறி. வளைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். ஓலை சுமந்து வந்த பெண், அவர் மனைவி பேச்சித்தாய், வாசலை மறித்து நின்றாள்.

ஆவுடையப்பன் தெருவில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

பேச்சித்தாய் கேட்டாள்: "இந்தக் கையை நேராக்க முடியுமா?"

"மறுபடி ஒடிச்சுத்தான் கட்டணும். அது எனக்கு வராது. எங்க அம்மா செய்வாங்க."

"செஞ்சா சரியாயிடுமா?"

"எனக்குத் தெரியலை, தாயி."

அவள் கதவைச் சாத்தினாள்.

ஒரு நாள் நடையை ஆவுடையப்பன் இரண்டு நாள் நடந்தார். பள்ளியின் பெயரில் மிச்சமிருந்ததையும் தன் வாயாலேயே நடுத்தெருவில் கொட்டிவிட்டு வந்ததாக நினைத்தார். அம்மாவின் காலில் விழுந்துவிட்டு, கண்காணாத இடத்துக்குப் போய்விட வேண்டியதுதான்.

பள்ளி முற்றத்தில் ஒரு மாட்டுவண்டி அவிழ்த்து விடப்பட்டிருந்தது. உரலடியில் மாசானம் கட்டுக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தான்.

உள்ளே, தவசியின் கை உலகம்மையின் மடியில் இருந்தது. அவர் கண்ணை மூடி எலும்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்கேய்யா போயிட்டே? தோளைப் பிடிக்க ஆள் இல்லாம உட்கார்ந்திருக்கேன். வா இப்படி."

ஆவுடையப்பன் நகரவில்லை. புருஷனின் தலையைத் தாங்கியிருந்த பேச்சித்தாயைப் பார்த்தார்.

"கதவைச் சாத்துனீங்களே, தாயி."

"துணிமணி எடுத்து வைக்க வேண்டாமா?"

"சரியாகுமான்னு எனக்குத் தெரியலைன்னுதானே சொன்னேன்?"

"ஆமா," என்றாள் பேச்சித்தாய். "அதைக் கேட்டுட்டுத்தான் வண்டி கட்டச் சொன்னேன்."