நாற்பத்தெட்டு அடி

விமானிகள் பாதியை வாயால் பேசுவார்கள், மீதியைக் கையால். அன்று காலை முழுக்கக் கேப்டன் அருமைநாயகத்தின் வலது உள்ளங்கை விமானமாகத்தான் இருந்தது. பயிற்சிக்கூடத்து கேண்டீன் மேஜை ஓடுபாதை. அதில் சிந்திக் கிடந்த டீ, மழை.

"இப்படி வர்றார். வேகம் ஜாஸ்தி. பதறிப்போய் மூக்கை லேட்டா தூக்குறார்." உள்ளங்கை மேஜையில் பட்டென்று அறைந்தது. "முன்சக்கரம் போச்சு. அவ்வளவுதான் கதை. இதுக்கு ஒரு விசாரணை வேற."

சுற்றி நின்ற நாலைந்து விமானிகளும் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஒருவர் காற்று என்றார், இன்னொருவர் பிரேக் என்றார். அருமைநாயகம் பேச ஆரம்பித்ததும் எல்லோரும் தங்கள் காரணத்தை மடித்து வைத்துவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயது, முப்பது வருஷ சர்வீஸ். அவர் இறக்கிய விமானத்தில் தூங்கிய குழந்தை விழித்ததில்லை என்று பேர். பெருமைப்பட அந்த மனுஷனுக்குத் தகுதி இருந்தது, அதை நாம் இல்லையென்று சொல்ல வேண்டாம்.

அவர் பேசிக்கொண்டிருந்தது கேப்டன் ராஜமன்னாரைப் பற்றி. முந்தாநாள் மலையோர ஊர் ஒன்றில், கொட்டுகிற மழையில், ராஜமன்னாரின் விமானம் தரையில் மோதி, ஓடுபாதையை விட்டு விலகி, சேற்றில் போய் நின்றது. நல்லவேளை, யாரும் சாகவில்லை. இருபது பேருக்குக் காயம். ராஜமன்னார் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"மெதுவா சார்," என்றார் பக்கத்தில் இருந்தவர். "அவர் பொண்ணு நப்பின்னை இங்கதான் ட்ரெயினிங்ல இருக்கு."

மூலை மேஜையில் ஒரு பெண் இட்லியைத் தொடாமல் எழுந்து போனாள்.

அருமைநாயகத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உண்மை உண்மைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டார். இதையே பேசச் சொல்லி, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு டிவியில் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கென்று புதுச் சட்டைகூட எடுத்து வைத்திருந்தார்.

அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. அவரைப் பயிற்றுநராக்கும் படிவம், ஆறு வாரமாகக் கேப்டன் மங்கையர்க்கரசியின் மேஜையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அந்தம்மா அவரைவிட எட்டு வயது சின்னவர். பயிற்றுநர்களுக்கே பாடம் எடுப்பவர். அருமைநாயகம் அன்று நேரே போய்க் கேட்டுவிட்டார்.

"மேடம், என்கிட்ட என்ன குறை?"

மங்கையர்க்கரசி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டிவி எத்தனை மணிக்கு சார்?"

"ஆறுக்கு."

"நேரம் கிடக்கு. சிமுலேட்டருக்கு வாங்க. ராஜமன்னார் சார் எப்படி இறக்கியிருக்கணும்னு எனக்குக் காட்டுங்க."

அருமைநாயகத்துக்கு வாயெல்லாம் பல்.

சிமுலேட்டர் என்பது விமானி அறையை அப்படியே பெயர்த்து, தூக்கி ஆட்டும் கால்களின் மேல் வைத்த பெட்டி. கண்ணாடிக்கு வெளியே தெரிவது படம்தான், ஆனாலும் வயிறு அதை நம்பிவிடும். மங்கையர்க்கரசி பின்னால் உட்கார்ந்து மழையையும் காற்றையும் வைத்தார். அருமைநாயகம் இறக்கினார். பூப்போல இறங்கியது.

"இன்னொண்ணு," என்றார் அந்தம்மா.

இரண்டாவதும் பூப்போல. மூன்றாவது, நான்காவது. ஒவ்வொரு தடவையும் அருமைநாயகம் ஓரக்கண்ணால் திரும்பிப் பார்த்தார். பாராட்டு வரவில்லை.

"இன்னொண்ணு."

ஆறும் அழகாக இறங்கின. ஏழாவதில் பெட்டி தூக்கிப் போட்டது. அருமைநாயகத்தின் பல் நாக்கைக் கடித்துவிட்டது. திரை இருண்டது.

"என்ன ஆச்சு சார்?"

"காத்து பின்னாலேர்ந்து தள்ளிருச்சு."

"காத்தை நான் தொடவே இல்லை."

"அப்ப மூக்கை லேட்டா தூக்கிட்டேன்."

அந்தம்மா பதிவுத் தாளை எடுத்துப் பார்த்தார். "சரியாத்தான் தூக்கியிருக்கீங்க. என்ஜின் பவரை எப்பக் குறைச்சீங்க?"

"தரையிலேர்ந்து இருபது அடியில. முப்பது வருஷமா இருபதுதான் மேடம். பைபிள் மேல கை வச்சுச் சொல்வேன்."

மங்கையர்க்கரசி தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். நாற்பத்தெட்டு அடி என்றிருந்தது.

அருமைநாயகம் அதை இரண்டு தடவை படித்தார்.

"அதான் தொப்புனு விழுந்திருக்கு. ஏன் சார் அவ்வளவு சீக்கிரம் குறைச்சீங்க?"

அவர் தன் வலது கையைப் பார்த்தார். காலையிலிருந்து மேஜைக்கு மேஜை விமானமாய்ப் பறந்த அதே கை. பவரைக் குறைத்தது அதுதான். அதைக் கேட்டுப் பார்த்தும் பதில் வரவில்லை.

"நாலரை ஆகுது சார்," என்றார் மங்கையர்க்கரசி. "டிராஃபிக்ல மாட்டிக்குவீங்க. கிளம்புங்க."

டிவிக்காரர் முதல் கேள்வியையே அவரிடம் வீசினார். "சொல்லுங்க கேப்டன், இது விமானியோட தப்புதானே?"

வலது கை தானாக எழும்பப் பார்த்தது. அருமைநாயகம் அதைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

"எனக்குத் தெரியாது."

"உங்க முப்பது வருஷ அனுபவத்துல?"

"தெரியாதுங்க. இன்னைக்கு மத்தியானம் சிமுலேட்டர்ல நானே ஒண்ணை மோதினேன். ஏன் மோதினேன்னு எனக்கே இன்னும் தெரியல."

டிவிக்காரர் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். மீதி நேரம் முழுக்க அருமைநாயகத்தை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் புதுச் சட்டையில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை கேண்டீனில் அவர் தலையைக் கண்டதும், "தெரியாது கேப்டன் வர்றார்," என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. மேஜைப் பக்கமே போகாமல், நேரே மங்கையர்க்கரசியின் அறைக்குப் போனார்.

"முப்பது வருஷமாச் சேர்த்த பேர் மேடம். ஒரே வார்த்தையில போச்சு."

அந்தம்மா படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினார். அதில் கையெழுத்து இருந்தது.

"இது எப்பப் போட்டீங்க?"

"நேத்து ஆறு அஞ்சுக்கு. படிவத்தை வீட்டுக்குக் கொண்டு போயிருந்தேன். எல்லாரையும் கூப்பிட்டு டிவியைக் காட்டினேன், இவர் என்கிட்டப் படிக்கிறவர்னு."

அருமைநாயகம் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். படிவத்தின் கீழே பென்சிலால் ஒரு பெயர் எழுதியிருந்தது. நப்பின்னை.

"உங்க முதல் மாணவி," என்றார் மங்கையர்க்கரசி. "எட்டு மணிக்கு வகுப்பு. ராஜமன்னார் சார் நேத்து உங்களை டிவியில பார்த்துட்டு ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணினார். விமானம் இறக்கறதை அவளுக்கு நீங்கதான் சொல்லிக் கொடுக்கணுமாம்."

"நானா? கேண்டீன்ல நான் பேசினது அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். பொண்ணு சொல்லியிருக்கா."

"அப்புறம் ஏன் மேடம்?"

"நானும் கேட்டேன் சார். 'அவர் முன்னாடி என் பொண்ணு பயமில்லாம தப்புப் பண்ணலாம்'னு சொன்னார்."