ஆறு புள்ளி

டக். டக். டக்டக்.

மாடிப்படி இருட்டில் அந்தச் சத்தம் மட்டும் இறங்கி வந்தது. கோமதிநாயகம் பாதியில் நின்றான்.

மேலே சத்தமும் நின்றது.

"வாங்க கோமதிநாயகம் சார்."

"நாந்தான்னு எப்படி டீச்சர்?"

"ஒன்பதாம் படியில நின்னு யோசிக்கிற ஆளு இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேற யாரு வாரா?"

அவன் மேலே போனான்.

ஜெபக்கனி டீச்சருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வயது இருபத்தெட்டு. அவனுக்கு முப்பத்தாறு. சனிக்கிழமைதோறும் வந்து பாடப்புத்தகத்தை வாசிப்பான். அவர் அதைப் பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பிரெயிலில், விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்தில், பலகையில் தாளை மாட்டி ஊசியால் குத்துவார். கூலியாக, வாரம் ஒரு எழுத்து சொல்லிக்கொடுப்பார். ஆறு மாதமாக அப்படி.

இன்று அவன் புத்தகத்தைத் தொடவில்லை.

"மனசு சரியில்ல டீச்சர்."

"அது படியிலயே கேட்டுது."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தான். டீச்சர் விரலால் தடவினார்.

"வழவழன்னு இருக்கு. ஒண்ணும் எழுதலையே."

"விண்ணப்பம் டீச்சர். எதிர்த்தாப்ல தொலைநிலைக் கல்வி மையம் இருக்குல்லா, அங்க கொடுக்கணும். இன்னிக்கு அஞ்சு மணியோட கடைசி. உளவியல், தகவல் தொழில்நுட்பம், பி.எட். மூணுல ஒண்ணுக்கு நேரா டிக் அடிக்கணும். எதுக்குன்னு நீங்க சொல்லுங்க."

"நானா?"

"நானா எடுத்தது எதுவும் விளங்கல. இன்ஜினியரிங் படிச்சவன் டைல்ஸ் கடையில நின்னு கல்லைத் தட்டித் தட்டிக் காட்டுதேன். வீட்டுல சொல்லிட்டா. இந்தத் தடவ எடுத்தா கடைசிவரைக்கும் நில்லுங்க, இல்லன்னா இனிமே என்கிட்ட படிப்புன்னு வாயத் தொறக்காதீங்கன்னு. இதுவும் போச்சுன்னா எனக்கு வேற போக்கிடம் இல்ல டீச்சர்."

டீச்சர் ஊசியை எடுத்தார். விட்ட வரியைத் தொடர்ந்தார்.

டக். டக்.

பிறகு, மளமளவென்று, டக்டக்டக்டக்.

"என்ன அது?"

"உங்க புலம்பலக் கேட்டுக்கிட்டே குத்துனேன். எழுத்து தப்பா விழுந்துட்டு."

"அழிச்சிட்டீங்களா?"

"குத்துன புள்ளிய எப்படி அழிக்க? கட்டத்துக்கு ஆறு இடம். மிச்சத்தையும் சேர்த்துக் குத்திருவோம். தமிழ்ல அப்படி ஒரு எழுத்து கிடையாது. வாசிக்கிற விரல் தாண்டிப் போயிரும்."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். நாலே முக்கால்.

"உங்களுக்கெல்லாம் இந்தக் குழப்பமே இருந்திருக்காது டீச்சர்."

"இல்ல சார். 'கண்ணு தெரியாத பிள்ளைக்கு சயின்ஸ் எதுக்கு, வரலாறுன்னு எழுதிப் போடு'ன்னாங்க. போட்டுட்டாங்க."

அவன் மேசையில் கிடந்த இயற்பியல் புத்தகத்தைப் பார்த்தான்.

"விண்ணப்பம் இருக்கட்டும். நீங்க எழுதிப் பழகுற தாளை எடுங்க. பலகையில மாட்டுங்க."

மாட்டினான்.

"இதுவரை படிச்சதுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு புள்ளி. ஒரே கட்டத்துல. சொல்லிக்கிட்டே குத்துங்க."

"பி.இ. சிவில். மார்க் இருந்துது. எல்லாரும் போனாங்க, போனேன்."

டக்.

"பேங்க் பரீட்சை. மூணு வருஷம்."

டக்.

"சென்னையில கம்ப்யூட்டர் கோர்ஸ்."

டக்.

"தபால்ல எம்.பி.ஏ."

டக்.

"குரூப் டூ கோச்சிங். ரெண்டு மார்க்ல போச்சு."

டக்.

கை நின்றது.

"ஒரு இடம் பாக்கி இருக்கு டீச்சர்."

"பையிலருந்து ஒண்ணு எடுத்தீங்கல்லா?"

"அதுல எதுன்னு இன்னும்..."

"எதுன்னா என்ன? இடம் ஒண்ணுதான இருக்கு."

டக்.

டீச்சர் தாளைக் கழற்றித் திருப்பினார். ஆள்காட்டி விரலை வரியின் தொடக்கத்தில் வைத்தார். விரல் நகர்ந்தது. அந்தக் கட்டத்தின் மேல் ஏறியது. இறங்கியது. நிற்கவில்லை. தாளின் ஓரம்வரை போய்விட்டது.

"எங்க சார் எழுதியிருக்கீங்க?"

அவன் அந்தக் கட்டத்தைத் தன் விரலால் தடவிப் பார்த்தான்.

கீழே முற்றத்தில் பிள்ளைகள், உருண்டால் ஒலிக்கும் மணிப்பந்தை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்து எங்கோ முட்டி நின்றது. அதைத் தேடும் கைகள் தரையைத் தடவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"பதினெட்டு வருஷம் டீச்சர் அது."

டீச்சர் தாளைப் பழையபடி பலகைக்குள் வைத்து அமுக்கினார்.

"அடுத்த கட்டம்."

"புதுத் தாள் ஒண்ணு தாங்களேன்."

"இருக்கிறது இதான்."

அவன் ஊசியைக் கையிலேயே வைத்திருந்தான். முதல் நாள் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. வலது மேல் மூலை.

டக்.

கை தானாக அடுத்த இடத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

டீச்சர் காத்திருந்தார். சத்தம் வரவில்லை. தாளைக் கழற்றினார். விரல் முதல் கட்டத்தைத் தாண்டியது. இரண்டாவதில் நின்றது.

"அ."

"இந்தப் புள்ளி எந்தப் படிப்பு டீச்சர்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"மிச்சம் அஞ்சு இடமும் காலியாக் கிடக்கே."

"கிடக்கட்டும்."

பள்ளிக்கூட மணி ஐந்து முறை அடித்தது. விண்ணப்பம் மேசையிலேயே கிடந்தது, மூன்று கட்டமும் காலியாக.

"அந்த மையத்து ஆளு பூட்டத் தேடிக்கிட்டிருப்பான். ஓடுனா பிடிச்சிரலாம்," என்றார் டீச்சர்.

அவன் எழுந்தான். படிவரை போனான். ஒன்பது படி இறங்கும் நேரம் அங்கேயே நின்றான். எதிர்ப்புறம் இரும்புக் கதவு இழுபட்டு விழுந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எந்தப் பக்கத்துல விட்டோம் சார்?"

"நாப்பத்திமூணு. ஒளிவிலகல்."

"வாசிங்க."

"ஒளியானது ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்துக்குள் நுழையும்போது..."

"மெதுவா சார்."

டக்.