வெள்ளத்தாயி மரத்தைச் சுத்துற பஸ்

ஒரு ஊர்ல ஒரு பிளம்ஸ் மரம் இருந்துச்சாம். ம் கொட்டுடி, இல்லாட்டி அத்தை உனக்கு முன்னாடி தூங்கிருவேன். ஆங், அப்படி.

அந்த ஊரு மலை உச்சியில இருக்கு, பேரு மஞ்சிமேடு. மரத்துக்காரி வெள்ளத்தாயி. தோட்டம் பூரா அவ வச்ச மரம், நடுவுல பெருசா ஒரு தாய்மரம். பழம் கொத்துக் கொத்தாத் தொங்கும். ஆனா ரோடு கிடையாது. கழுதை முதுகுலதான் கூடை இறங்கணும். டொக்கு டொக்குன்னு அது இறங்குறதுக்குள்ள பழமெல்லாம் கொழகொழன்னு ஆயிரும். சந்தையில அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க. இந்த வருஷமும் இப்படின்னா மரத்தையெல்லாம் வித்துட்டுக் கீழ கூலிக்குப் போயிர்றதுன்னு முடிவே பண்ணிட்டா, பாவம்.

அப்போதான் ரோடு போட்டாங்க. அப்புறம் பாம்... பாம்னு பஸ்ஸும் வந்துச்சு. ஊரே மாலையும் கையுமா நின்னுச்சு. டிரைவர் சவரிமுத்து இறங்கிச் சுத்துமுத்தும் பார்த்தார்.

"வந்துட்டேன் சரி. எங்க திருப்புறது?"

பாத்தியா கூத்தை. பஸ் வேணும்னு கேட்டவங்களுக்கு, வந்த பஸ் திரும்பிப் போகணும்னு தோணவே இல்ல.

மொதல்ல கோயில் முன்னாடி திருப்பினார். டமார்! வாசப்படி பேந்துச்சு, பூசாரி சாமி வராமலே ஆடுனார். அப்புறம் கிணத்தடியில திருப்பினார். சர்ர்ர்னு பின்சக்கரம் வழுக்கிச்சு, ஊரே சேர்ந்து இழுத்துச்சு. ம்? முழிச்சிருக்கியா? சரி. வேற இடம் இல்லாட்டி இனிமே அடிவாரத்தோட நின்னுக்கிறேன்னுட்டார் சவரிமுத்து.

சமமான இடம் இன்னும் ஒண்ணே ஒண்ணுதான், வெள்ளத்தாயி தோட்டம். எல்லாரும் அவளைப் பார்த்தாங்க, அப்புறம் அவ மரங்களைப் பார்த்தாங்க. பழம் கொண்டுபோகத்தானே பஸ்ஸு, அதுக்காக மரத்தையே வெட்டுறதான்னு அவ பொலம்பினா. உக்காந்து அழுதா.

அப்போ தாய்மரத்துல கட்டியிருந்த அவ ஆடு, மே...ன்னு மேய்ஞ்சுக்கிட்டே மரத்தை ஒரு சுத்து சுத்தி, வந்த வழியைப் பார்த்து நின்னுச்சு. வெள்ளத்தாயி கண்ணைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சா.

"தாய்மரத்தை விட்டுருங்க. சுத்தி நிக்கிற மரத்தை நானே வெட்டித் தர்றேன். பஸ் தாய்மரத்தைச் சுத்திக்கிட்டுத் திரும்பட்டும்."

சொன்னபடி வெட்டினா, அழுதுக்கிட்டேதான் வெட்டினா. ஊர்க்காரங்க சும்மா இருக்கல, பக்கத்துச் சரிவுல அவளுக்குப் புதுக் கன்னு நட்டுக் குடுத்தாங்க.

அப்புறம் ட்ர்ர்ர்னு பஸ் உள்ள வந்து, தாய்மரத்தை வளைச்சு, வந்த வழிக்கே போய் நின்னுச்சு. ஒரு இலை உதிரல. ஊரே விசிலடிச்சுச்சு. மிச்ச மரத்துப் பழக்கூடையெல்லாம் பஸ் மேல ஏறி, மத்தியானத்துக்குள்ள சந்தையில இறங்குச்சு. ஒரு பழம் நசுங்கல, யாவாரிங்க முண்டியடிச்சாங்க. பின்னாடியே பூண்டு போச்சு, பீன்ஸ் போச்சு. கீழயிருந்து அரிசி வந்துச்சு, உப்பு வந்துச்சு, டீக்கடை வந்துச்சு. அந்த மேட்டுக்கா பொண்ணு குடுப்போம்னு மூஞ்சியச் சுளிச்சவங்க, ஜாதகத்தோட அதே பஸ்ல வந்து இறங்குனாங்க. கழுதை? அது ரோட்டோரம் புல்லைத் தின்னுக்கிட்டு வேடிக்கை பாக்குது.

கூலிக்குப் போக இருந்த வெள்ளத்தாயி, புதுக் கன்னும் காய்க்க ஆரம்பிச்சதும் பழம் பறிக்க ஆள் தேடுனா. பிழைக்கக் கீழ போனவங்கள்லாம் திரும்பி வந்தாங்க. இன்னைக்கும் எம்மாம் பெரிய ஆளு அந்த பஸ்ல வந்தாலும், அவ மரத்தை ஒரு சுத்து சுத்தாம ஊரை விட்டுப் போக முடியாது.

எங்கடி, ம் காணோம்? பஸ்ஸும் சுத்தி முடிச்சுது, கதையும் இறங்கிருச்சு. தூங்கு, தூங்கு.